நாற்பத்தெட்டு கிராம் அழுக்கு

சந்திரனுக்கு ராக்கெட் விட்டவர்கள் ஒரே ஒரு தப்புதான் செய்தார்கள். கிளம்புவதற்கு முந்தின நாள் வண்டியைப் பெரிய காஞ்சிபுரத்துக்கு அனுப்பி, சைக்கிள் கடை ஜியாவுதீன் பாயிடம் பிரித்துத் துடைத்து ஒரு ஓவராயில் போட்டு வாங்கவில்லை. வாங்கியிருந்தால் பாதி எண்ணெயில் போய்த் திரும்பியிருக்கலாம். மிச்ச எண்ணெயில் செவ்வாய் கிரகத்தையும் எட்டிப் பார்த்துவிட்டு வந்திருக்கலாம். பூமி இத்தனை வருஷமாகக் கிரீச் என்று ஒரு சத்தம்கூடப் போடாமல் தன் அச்சில் சுற்றுகிறதே, அதற்குக் கிரீஸ் வைத்தது யார் என்று விசாரித்தால் அவர் கடைக்குத்தான் வந்து நிற்க வேண்டும். மனுஷனுக்கு முட்டி செய்த பிரம்மா அதில் பால்ரஸ் குண்டு வைக்க மறந்துவிட்டார். ஜியா பாய் பக்கத்தில் இருந்திருந்தால் ஞாபகப்படுத்தியிருப்பார்.

இவ்வளவு பெரிய மனுஷருக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியாது.

ஒலிமுகமதுபேட்டை வீட்டிலிருந்து கடைக்கு நடந்துதான் வருவார். ஐம்பத்திரண்டு வயது, ஒல்லி உடம்பு, கட்டம் போட்ட கைலி. தச்சர்கள் பென்சில் செருகுவது மாதிரி காதில் எப்போதும் ஒரு ஸ்போக் துண்டு. அவருடைய அப்பா ரயிலடியில் ஜட்கா ஓட்டினவர். பையனுக்குக் குதிரை என்றால் பயம், சக்கரம் என்றால் பயமில்லை. அதனால் குதிரைப் பக்கம் அப்பாவுக்கு, அச்சுப் பக்கம் பையனுக்கு என்று பன்னிரண்டு வயதிலேயே பாகம் பிரிந்துவிட்டது. விளக்கெண்ணெய் தடவின ஜட்கா அச்சிலிருந்து கிரீஸ் தடவின சைக்கிள் அச்சுக்கு அவர் வந்து சேர்வதற்குள் நடுவில் ஏறி ஓட்டிப் பழக நேரம் கிடைக்கவில்லை.

ஓட்டிப் பார்க்காமலே நோய் கண்டுபிடிப்பார். வண்டியைத் தலைகீழாக நிறுத்துவார். சீட்டும் ஹேண்டில்பாரும் தரையில், சக்கரம் இரண்டும் வானத்தில். பெடலைக் கையால் ஒரு சுற்று சுற்றிவிட்டுச் சட்டத்தில் காதை வைப்பார். "எடப்பக்கம் ஒரு குண்டு ஒடஞ்சிருக்குது" என்பார். பிரித்தால் இடப்பக்கம் ஒரு குண்டு உடைந்திருக்கும்.

அவருக்கு மிகவும் பிடித்த இடம் பி.பி. இரண்டு பெடல்களும் வந்து சேர்கிற இடத்தில், சட்டத்தின் அடிவயிற்றில், ஒரு சின்னக் குழாய் இருக்கும். அதற்குள் ஒரு அச்சு. அச்சின் இரண்டு முனையிலும் கிண்ணம் மாதிரி இரண்டு கப்பு. கப்புக்குள் பக்கத்துக்குப் பதினொன்றாக இருபத்திரண்டு இரும்புக் குண்டுகள். அந்தக் குண்டுகளைத்தான் பால்ரஸ் என்பது. பி.பி. என்றால் என்ன என்று கேட்டால், "பி.பி.ன்னா பி.பி.தாம்பா" என்பார். ஆளுடைய முழு பாரமும் அந்த இருபத்திரண்டு குண்டுமேல்தான் ஏறுகிறது என்று மட்டும் அவருக்குத் தெரியும்.

கடை இருந்தது நெசவாளர் தெரு முனையில். அந்தப் பக்கத்துத் தெருக்களில் ஒரு வழக்கம் உண்டு. எதையும் எடை போட்டுத்தான் கொடுப்பார்கள், எடை போட்டுத்தான் வாங்குவார்கள். பட்டு எடை போட்டு நெசவாளர் வீட்டுக்குப் போகும். புடவை எடை போட்டுத் திரும்பி வரும். நடுவில் குறைந்தால் பேச்சு கிடையாது. ராஜவேலு என்று ஒருவர் இருந்தார், கை சுத்தமான நெசவாளர். அவர் நெய்த இரண்டு புடவை அடுத்தடுத்து எடை குறைந்தது. எலி கடித்தது என்றார். எலிதானோ என்னவோ. ஆனால் 'எடை குறையற ஆளு' என்று ஒரு பேர் விழுந்துவிட்டது. ஆறே மாதத்தில் அவர் வாலாஜாபாத் அரிசி மில்லில் சாக்கு தைத்துக்கொண்டிருந்தார்.

கடைக்குப் பக்கத்து வீட்டில் ஆதிகேசவன் என்று ஒரு பையன். பதினேழு வயது. எஸ்.எஸ்.எல்.சி.யில் கணக்கு அவனைக் கைவிட்டுவிட்டது. தறிக்குப் பாவு பிடிக்கிற வேளை போக மிச்ச வேளையெல்லாம் ஜியா பாய் கடையில் பழைய டயர் அடுக்கின்மேல் உட்கார்ந்திருப்பான். வேலை எதுவும் செய்ய மாட்டான். தங்கமான பையன். அவனைப் பற்றித் தெருவில் நாலு பேர் நாலு விதமாகச் சொல்வார்கள். நம்பத் தேவையில்லை.

அந்த வருஷம், அதாவது எழுபத்திரண்டில், பங்குனி மாதம் கடையில் ஒரு சின்னச் சங்கடம் நடந்தது. பூக்கடை ராமலிங்கத்தின் வண்டி முன் சக்கரத்தைப் பிரித்து, ஒரு பக்கத்துக் குண்டு பத்தையும் தகர மூடியில் போட்டு வைத்துவிட்டு ஜியா பாய் டீ குடிக்கப் போனார். திரும்பி வந்தால் மூடி இருக்கிறது, குண்டு இல்லை. முன் சக்கரத்துக் குண்டுகள் பி.பி. குண்டைவிடச் சின்னவை, மிளகு அளவு. சாக்கை உதறினார், மண்ணைச் சலித்தார், காந்தத்தைக் கயிற்றில் கட்டித் தரையெல்லாம் இழுத்தார்.

"நீ பாத்தியாப்பா?" என்றார் ஆதிகேசவனிடம்.

"கோழி ஏதாச்சும் கொத்திக்கினு போயிருக்கும் பாய்" என்றான் அவன்.

ஜியா பாய் தன் பெட்டியிலிருந்து பத்து புதுக் குண்டு எடுத்துப் போட்டுக் கொடுத்தார். ராமலிங்கத்திடம் நடந்ததையும் சொன்னார். ராமலிங்கம் சிரித்துவிட்டுப் போனார். ஆனால் பாய் அன்றைக்கு ஆரம்பித்து, எந்தக் குண்டைத் தொட்டாலும் வாய்விட்டு எண்ணத் தொடங்கினார். ஒண்ணு, ரெண்டு, மூணு. அதைக் கேட்க ஆதிகேசவனுக்குக் கொஞ்சம் கஷ்டமாக இருந்தது. கொஞ்சம்தான்.

சித்திரை பிறந்த வாரம் அர்ஜுனன் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தான். குமாரசாமி முதலாளிக்குப் பெரிய காஞ்சிபுரத்தில் நூறு தறி ஓடியது. தறிக்காரர் வீடுகளுக்குப் பட்டு கொண்டுபோய்க் கொடுத்து, புடவை வாங்கி வருவது அர்ஜுனன் வேலை. வாரத்தில் இரண்டு தடவை திருப்புட்குழி வரைக்கும் மிதிப்பான்.

"பாய், வண்டி பாரமா இருக்குது. மிதிச்சா எறங்க மாட்டேங்குது. அதுவுமில்லாம உள்ளார ஏதோ கடகடகடன்னுது. ஒரு மாசமா."

"எங்கேர்ந்து சத்தம்?"

"அதான் தெரியல. பள்ளத்துல எறங்கினா வருது. நின்னு பாத்தா நின்னுடுது. எனக்கே பயமா இருக்குது, எதுனா புடிச்சிக்கினு வருதோன்னு."

டயர் அடுக்கின்மேல் ஆதிகேசவன் வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். அவனுக்கு அப்போது இருமல் வந்தது.

ஜியா பாய் வழக்கப்படி வண்டியைத் தலைகீழாக நிறுத்திப் பெடலைச் சுற்றினார். மட்கார்டைத் தட்டினார், கேரியரை ஆட்டினார், செயின் கவரைக் குலுக்கினார். கடகட எங்கும் இல்லை. பி.பி. மட்டும் மாவு அரைக்கிற மாதிரி நரநரத்தது.

"சத்தம் எனக்குக் கேக்கல. பாரம் இருக்குது. பி.பி.யத் தொறந்து பாக்கணும்."

அர்ஜுனன் போய்ச் சொல்ல, குமாரசாமி முதலாளி தானே வந்துவிட்டார். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, கையில் துணியில் சுற்றின பித்தளைத் தராசு. சத்தமாகப் பேசாதவர். ஒரு தடவை ஈயம் பூசக் கொடுத்த பாத்திரம் எடை கூடி வந்ததற்கே, ஏன் கூடியது என்று ஈயக்காரரை மத்தியானம் வரைக்கும் உட்கார வைத்துக் கேட்டவர்.

"பாரத்தக் கொறைச்சுக் குடுங்க பாய். மத்த கடைங்கள்ல ஏதேதோ செய்றாங்களாமே."

"செய்றாங்க மொதலாளி. பக்கத்துக்கு ரெண்டு குண்டு கம்மியாப் போடுவாங்க. அச்சுல ஓட்ட போடுவாங்க. பெடலப் புடிக்கிற பின்னு தலையச் சீவிடுவாங்க. ஒரு வாரம் வண்டி பறக்கும். அப்பால கப்பு தேஞ்சு, அச்சு ஆடி, ரெண்டு மடங்கு பாரமாய்டும்."

"நீங்க?"

"நான் இரும்புல கைய வெக்க மாட்டேன். இரும்பு பாரமே இல்ல மொதலாளி. அழுக்குதான் பாரம்."

"சரி. வெளியில எடுக்கறத என் கண்ணு முன்னாடி எடுங்க. எடை போட்டுடலாம்."

முன்னே வேறெங்கோ பழுதுக்கு விட்ட வண்டியில் நல்ல அச்சை எடுத்துக்கொண்டு பழைய அச்சைப் போட்டுக் கொடுத்துவிட்டார்களாம். பாய் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. இந்தத் தெருவில் எடை போடுவது வணக்கம் சொல்கிற மாதிரி. அச்சு, கழற்றின கப்பு, பின்னு இரண்டு, குண்டு இருபத்திரண்டு எல்லாவற்றையும் அப்படியே, கறுத்துக் கட்டியான பழைய கிரீஸோடும் மண்ணோடும் வழித்துத் தட்டில் வைத்தார். நானூற்று அறுபது கிராம். முதலாளி ஒரு சீட்டில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனார்.

மறுநாள் முழுக்க ஜியா பாய் அந்த ஒரு வேலைதான் செய்தார். ஒரு பழைய அலுமினியச் சட்டியில் மண்ணெண்ணெய் ஊற்றி எல்லாவற்றையும் ஊறவைத்தார். அச்சில் குண்டு ஓடுகிற தடத்தை நகத்தால் தடவிப் பார்த்தார். குண்டுகளை ஒவ்வொன்றாகத் துணியில் உருட்டி வெயிலில் காட்டி, ஒண்ணு, ரெண்டு என்று இருபத்திரண்டு வரைக்கும் எண்ணினார். எல்லாம் உருப்படி. எல்லாம் கண்ணாடி மாதிரி மின்னியது. புதுக் கிரீஸ் வைப்பதற்கு முன்னால் முதலாளிக்கு ஆள் அனுப்பினார்.

தராசு ஏறியது. நானூற்றுப் பன்னிரண்டு.

குமாரசாமி முதலாளி சீட்டை எடுத்துப் பார்த்தார். தராசைப் பார்த்தார். பாயைப் பார்த்தார்.

"நாப்பத்தெட்டு கிராம் எங்க பாய்?"

"அழுக்கு மொதலாளி. போயிடுச்சு."

"பாரத்தக் கொறைக்கச் சொன்னேன். சாமானக் கொறைக்கச் சொல்லல."

"சாமான் அப்படியே இருக்குது. குண்டு இருவத்திரண்டு. எண்ணிக்கோங்க."

"பொடவையிலகூட இழை எண்ணினா சரியாத்தான் இருக்கும் பாய். தராசுல வெச்சாத்தான் சேதி தெரியும். ஒரு பலம் எடைக்கு மேல அழுக்குன்னு சொல்றீங்க. இவ்ளோ சின்னக் குழாக்குள்ள."

அவர் குரலை உயர்த்தவே இல்லை. அதுதான் மோசம். எதிர்த் தறி வீட்டு ரேணுகாம்பாள் ராட்டையை நிறுத்திவிட்டு வாசலில் வந்து நின்றாள். சரிகைக் கடை கோதண்டபாணி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தார். முப்பது வருஷத்தில் யாரும் ஜியா பாயிடம் எங்கே என்று கேட்டதில்லை.

"அழுக்கு சட்டியிலதான் இருக்குது மொதலாளி. மண்ணெண்ணெய வடிச்சிட்டுக் காயவெச்சு உங்க தராசுலயே வெக்கறேன். ரெண்டு நாள் குடுங்க."

அழுக்கை எடை போட்டு ஒப்படைக்கிறேன் என்று இதுவரைக்கும் எந்த ஊரிலும் எவரும் சொல்லியிருக்க மாட்டார்கள். முதலாளி ஒரு நிமிஷம் யோசித்தார். அவருக்கு அது நியாயமாகப் பட்டது.

"வியாழக்கெழம காத்தால வர்றேன். அதுவரைக்கும் வண்டி இப்படியே இருக்கட்டும்."

பாய் அன்று மாலையே மண்ணெண்ணெயைத் தெளிய வைத்து வடித்தார். அடியில் தங்கின கறுப்புக் களியை ஒரு பிஸ்கட் டப்பா மூடியில் வழித்துப் போட்டு ஓட்டுக் கூரைமேல் வைத்தார். அதே மாதிரி இன்னொரு மூடியை, எடை போடும்போது எதிர்த் தட்டில் வைக்க எடுத்து வைத்துக்கொண்டார். புதன்கிழமை காலையில் ரேணுகாம்பாளின் தம்பி வந்து, பஞ்சர் போட விட்டிருந்த வண்டியைப் பஞ்சரோடு எடுத்துக்கொண்டு போனான். "அவசரமா வேணும் பாய்" என்றான். பஞ்சரான வண்டி அவசரத்துக்கு எப்படி உதவும் என்று பாய் கேட்கவில்லை. பின்னாலேயே இன்னொருவரும் வந்து எடுத்துக்கொண்டு போனார்.

மத்தியானம் வீட்டில் சோற்றைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார். மனைவி ஷமீம் பானு பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"என்னங்க, சோத்த எண்ணிக்கினு இருக்கீங்களா?"

"பானு, நாப்பத்தெட்டு கிராம் எவ்ளோ இருக்கும்?"

அவள் பானையிலிருந்து ஒரு பிடி அரிசி அள்ளிக் காட்டினாள். "இவ்ளோ இருக்கும். ஒரு கோழிக்குப் பத்தாது."

"இவ்ளோ அழுக்குக்கு முப்பது வருஷக் கடை போயிடும்போல இருக்குது."

"அழுக்க அழுக்குன்னுதானே சொன்னீங்க. அப்பறம் என்ன? சாப்பிடுங்க."

சாப்பிட்டார். ஆனால் அவருக்கு வேறு ஒரு கவலை இருந்தது. அதைத் திரும்பி வந்து ஆதிகேசவனிடம்தான் சொன்னார். கடையில் வேறு யாரும் இல்லை. யாரும் வரவில்லை.

"எடை சரியா வராதுப்பா."

"ஏன் பாய்?"

"கிரீஸ்ல கொஞ்சம் மண்ணெண்ணெயில கரஞ்சிடும். வடிச்சதுல போயிடுச்சு. மூணு கிராமோ நாலு கிராமோ கொறையும்."

"கொறைஞ்சா மொதலாளி ஒத்துக்குவாரா?"

"தெரியல. கொறைஞ்சா கொறைஞ்சுதுன்னு சொல்லுவேன்."

"ராஜவேலுவும் அப்படித்தானே சொன்னாரு."

பாய் காதிலிருந்த ஸ்போக் துண்டை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்பச் செருகிக்கொண்டார். அஸர் தொழுகைக்கு நேரமாகிவிட்டது. "மூடியப் பாத்துக்கோப்பா. காக்கா கீக்கா வந்து கொத்திடப் போவுது" என்று சொல்லிவிட்டு மசூதிக்கு நடந்தார்.

அவர் வர முக்கால் மணி நேரம் ஆயிற்று. காக்கா வரவில்லை. ஒன்றும் நடக்கவில்லை என்று ஆதிகேசவன் சொன்னான். அவன் சொன்னால் அதற்கு மேல் என்ன இருக்கிறது?

வியாழக்கிழமை காலையில் குமாரசாமி முதலாளி தராசோடு வந்தார். அர்ஜுனனும் வந்தான். கோதண்டபாணி தன் கடை வாசலிலிருந்து இறங்கி வந்தார். பாய் முந்தின நாள் மாலையிலேயே கூரையிலிருந்து மூடியை இறக்கி வைத்திருந்தார். அழுக்கு காய்ந்து, கருவாட்டுக் கட்டி மாதிரி மூடியோடு ஒட்டிக்கொண்டிருந்தது. ஒரு தட்டில் அந்த மூடி. எதிர்த் தட்டில் வெறும் மூடியும் நாற்பத்தெட்டு கிராம் படிக்கல்லும்.

முதலாளி தராசைத் தூக்கினார். முள் இந்தப் பக்கம் ஒரு தடவை, அந்தப் பக்கம் ஒரு தடவை ஆடியது. நடுவில் வந்து நின்றது. மயிரிழை பிசகவில்லை.

"சரியாப் போச்சு" என்றார் கோதண்டபாணி. அர்ஜுனன் சிரித்தான். ரேணுகாம்பாள் வாசலிலிருந்து உள்ளே போனாள். ராட்டைச் சத்தம் ஆரம்பித்தது. ஆதிகேசவன் டயர் அடுக்கின்மேல் காலை ஆட்டிக்கொண்டிருந்தான். முகத்தில், எஸ்.எஸ்.எல்.சி.யில் வராத பெருமை.

குமாரசாமி முதலாளி தராசைக் கீழே வைக்கவில்லை.

"சரியா இருக்குது. அதான் பாய் இடிக்குது."

யாருக்கும் புரியவில்லை.

"சாயம் போடறதுக்கு முன்னாடி பட்ட வேகவெப்போம். வெந்து வரும்போது கால்வாசி எடை போயிடும். அது போயே தீரணும். போவாம கரெக்டா ஒருத்தன் கொண்டாந்து வெச்சான்னா, அவன் கஞ்சி போட்டு எடை ஏத்தியிருக்கான்னு அர்த்தம். நாப்பது வருஷத்துல கரெக்டா கொண்டாந்தவனத்தான் நான் வெளிய அனுப்பியிருக்கேன். நீங்க அழுக்க மண்ணெண்ணெயில ஊறவெச்சு, வடிச்சு, வெயில்ல போட்டிருக்கீங்க. ஒரு கிராம்கூட எப்படிக் கொறையாம இருக்கும்?"

டயர் அடுக்கில் ஆடிக்கொண்டிருந்த கால் நின்றது.

ஜியா பாய் மெல்லத் தலையாட்டினார். "எனக்கும் அதான் மொதலாளி தோணுது. கொறையணும். கொறையலன்னா தப்பு."

காதிலிருந்த ஸ்போக் துண்டை எடுத்தார். மூடியிலிருந்த கறுப்புக் கட்டியை ஓரத்திலிருந்து கிளறினார். முதல் கீறலில் ஒன்றுமில்லை. நடுவில் குத்தினபோது ஸ்போக் 'டிக்' என்றது. ஒரு குண்டு வெளியே வந்தது. கைலி முனையில் துடைத்தார். மின்னியது. இன்னொன்று. இன்னொன்று. பாய் தன்னை அறியாமல் வாய்விட்டு எண்ணினார். ஒம்போது.

அர்ஜுனன் சிரிப்பை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றான். கோதண்டபாணி ஒரு அடி பின்னால் போனார். பாய் ஒன்பதையும் உள்ளங்கையில் எடுத்துக்கொண்டார். இந்த இடத்தில் அவர் வேறு ஏதாவது சொல்லியிருக்கலாம். வண்டியிலிருந்து வந்த குண்டுதான் என்று சொல்லியிருந்தால்கூட அங்கே இருந்தவர்களில் பாதிப் பேருக்கு வித்தியாசம் தெரிந்திருக்காது.

"இது உங்க வண்டிது இல்ல மொதலாளி. உங்க பி.பி.க்குப் போடறது கால் இஞ்ச் குண்டு. இது அத்தவிடச் சின்னது. முன் சக்கரத்துது. அழுக்குல இது இருக்கக் கூடாது. இத்த எடுத்துட்டுத் திரும்பப் போடுங்க."

கிளறின கட்டியைப் பொடிகூட விடாமல் மூடிக்குள் தள்ளினார். முதலாளி திரும்ப எடை போட்டார். நாற்பத்து நாலு.

"நாலு கிராம் கொறையுது பாய்."

"ஆமாம். மண்ணெண்ணெயோட போயிடுச்சு. அத்த என்னால காட்ட முடியாது."

குமாரசாமி முதலாளி தராசை இறக்கிக் கீழே வைத்தார். சட்டைப்பையிலிருந்து சீட்டை எடுத்தார். அதை மடித்தார், இன்னும் சின்னதாக மடித்தார், பிறகு தெருவில் போட்டார்.

"இப்பதான் சரியா இருக்குது" என்றார். "போறது போவணும். நாப்பத்தெட்டுல நாலு போனா அது வேலை செஞ்ச கைதான்." துணியில் தராசைச் சுற்றிக்கொண்டே கேட்டார்: "குண்ட உள்ளார போட்டது யாரு?"

"அது என் கடைச் சமாசாரம் மொதலாளி. நான் பாத்துக்கறேன்."

முதலாளி டயர் அடுக்குப் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். மேலே கேட்கவில்லை. "எங்கிட்ட இருக்கற மத்த பதிமூணு வண்டியும் ஒவ்வொண்ணா அனுப்பறேன். பாரத்தக் கொறைச்சுக் குடுங்க" என்று சொல்லிவிட்டு நடந்தார். ரேணுகாம்பாள் உள்ளே யாரிடமோ, பஞ்சர் வண்டியை எடுத்துக்கொண்டு வரச் சொல்வது கேட்டது.

பாய் கப்பில் புதுக் கிரீஸ் வைத்து, குண்டுகளை ஒவ்வொன்றாகப் பதித்து, பதினொண்ணு, பதினொண்ணு, அச்சைச் செருகி, கப்பை இறுக்கி, கால் சுற்று தளர்த்தி, பின்னு அடித்தார். பெடலை விரல் நுனியால் தட்டினார். அது தானாகச் சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. அதைப் பார்த்தபோதுதான் அவர் முகம் பழைய முகமாயிற்று.

"தம்பி, எறங்கி வா."

ஆதிகேசவன் இறங்கி வந்தான். அவன்தான் இதை எழுதுகிறான் என்பதை இதற்கு மேல் மறைத்துப் பயனில்லை. புதன்கிழமை மாலை, பாய் மசூதிக்குப் போன பிறகு, மூடி இரண்டையும் எடுத்துக்கொண்டு சரிகைக் கடைக்குப் போய்க் கோதண்டபாணியின் தராசில் எடை பார்த்தவனும் அவன்தான். நாற்பத்து நாலு இருந்தது. ஒவ்வொரு குண்டாக அமுக்கி அமுக்கி நாற்பத்தெட்டு ஆக்கினான். ராஜவேலு மாதிரி இன்னொருவர் மில்லுக்குப் போவதை அவனால் பார்க்க முடியாது என்றெல்லாம் எழுதலாம். எழுதவில்லை.

பாய் உள்ளங்கையை நீட்டினார். ஒன்பது குண்டும் அதில் உருண்டன.

"ராமலிங்கத்து முன் சக்கரத்துது."

"கோழி..." என்று ஆரம்பித்தான் ஆதிகேசவன்.

"கோழி பத்து கொத்திச்சு. ஒம்போதுதான் போட்டிருக்குது. பத்தாவது எங்கப்பா?"

"ஒண்ணு எங்கியோ விழுந்துடுச்சு பாய். சத்தியமா."

அப்போது அர்ஜுனன் வண்டியில் ஏறி மிதித்தான். "அடேங்கப்பா, காத்து மாதிரி போவுது பாய்" என்று சந்தோஷமாகத் திரும்பிப் பார்த்துச் சொன்னான். தெருமுனைப் பள்ளத்தில் சக்கரம் இறங்கியது. கடகடகட.

"பாய், பாரம் போச்சு. ஆனா அந்தச் சத்தம் மட்டும் போவலியே" என்று அங்கிருந்தே கத்தினான்.

வண்டி நிமிர்ந்து நின்று ஓடி, ஆள் ஏறி, பள்ளத்தில் இறங்குவதை ஜியா பாய் அன்றைக்குத்தான் காது கொடுத்துக் கேட்டார். கண்ணை மூடிக்கொண்டார். அது அடியிலிருந்து வரவில்லை. மேலேயிருந்து வந்தது. கண்ணைத் திறந்து ஆதிகேசவனைப் பார்த்தார்.

"அர்ஜுனா, திரும்பி வா. எடக்கைப் புடி ரப்பர உருவு."

ரப்பர் சுலபமாகக் கழன்று வந்தது. ஒரு மாதத்துக்கு முன்னால் வேடிக்கைக்காக ஏற்கெனவே ஒரு தடவை கழற்றினது. ஹேண்டில்பாரைச் சாய்த்ததும், குழாய்க்குள்ளிருந்து மிளகு அளவில் ஒரு குண்டு உருண்டு வந்து பாயின் கையில் விழுந்தது.

"பத்து" என்றார் பாய்.

அர்ஜுனன் வாயைத் திறந்தபடி நின்றான். ஆதிகேசவன் தரையைப் பார்த்தான். தரையில் பார்க்க ஒன்றுமில்லை. பாய் பத்து குண்டையும் அவன் கையைப் பிடித்து உள்ளங்கையில் வைத்து, விரல்களை மடக்கி விட்டார்.

"பி.பி.க்குக் கால் இஞ்ச்" என்றார். "இன்னொரு தடவ எனக்காகத் திருட்டுத்தனம் பண்றதுன்னா அளவு கேட்டுட்டுப் பண்ணுப்பா."